ரப் அரங்குக்குத் திரும்பியவர்: ஒரு லெக்சிங்டன் நாட்குறிப்பு

2024 மார்ச் 21, வியாழன்

எங்கள் கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தோற்றுவிட்டது. அதுவும் மார்ச் மாதத் தேசியக் கல்லூரிப் போட்டித் தொடரின் முதல் சுற்றில், ஓக்லாந்திடம். கலிஃபோர்னியா ஓக்லாந்து என்று நினைக்க வேண்டாம். இது மிச்சிகனில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம். 80-76. ஜாக் கோல்கி என்ற பையன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பத்து த்ரீ (தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளிப் பந்து) போட்டான். தடுக்க வேண்டியவர்கள் அவன் ஏழாவது போட்ட பிறகும் எட்டடி தள்ளியே நின்றார்கள்.

ஜான் கலிபாரி இங்கே 15 சீசன் கோச்சாக இருந்தாயிற்று. 2012இல் கோப்பை வாங்கித் தந்தார், மறுக்கவில்லை. ஆனால் 2022இல் முதல் சுற்றில் செயின்ட் பீட்டர்ஸிடம் தோல்வி, இப்போது ஓக்லாந்திடம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அணியின் நீலக் கொடியை இறக்கிவிட்டார்கள். துக்க வீடுதான் போங்கள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கலிபாரி கிளம்புகிறார். அர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாராம். ஊர் பாதி நிம்மதி, பாதிக் கோபம். விரட்ட வேண்டும் என்று கத்தியவர்களே "நம்மை விட்டுப் போவதா" என்று பொருமுகிறார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

புதுக் கோச் மார்க் போப்! ஆபீஸில் செய்தி வந்ததும் பக்கத்து சீட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கனெக்டிகட்டின் டான் ஹர்லி வருவார், பெய்லரின் ஸ்காட் ட்ரூ வருவார் என்று ஊரே கனவு கண்டது. இருவரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். கிடைத்தவர் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் கோச்.

போப் இங்கே ஆடியவர். 1996இல் சிரக்யூஸை 76-67 என்று வென்று கோப்பை எடுத்த அணியின் கேப்டன். அப்போதைய கோச் ரிக் பிட்டினோ வளர்த்த அந்த அணியிலிருந்து ஒன்பது பேர் என்பிஏ என்ற தொழில்முறை லீகுக்குப் போனார்கள், போப் உட்பட. சரி, எல்லாம் பெருமைதான். ஆனால் தலைமைக் கோச்சாக மார்ச் போட்டித் தொடரில் அவர் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. நாம் ஓக்லாந்திடம் அடி வாங்கிய அதே நாளில் அவருடைய அணி டுகெய்னிடம் 71-67 என்று தோற்று வெளியேறியது. முதல் சுற்றில் தோற்ற ஒருவர் போனதும், அதே நாளில் அதே சுற்றில் தோற்ற இன்னொருவரைக் கூட்டி வருகிறோம்.

பழைய மாணவர் என்பதற்காக வேலை தருவது இந்த விளையாட்டில் புதிதில்லை. பாட்ரிக் யூயிங் 1984இல் ஜார்ஜ்டவுனுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். 2017இல் அங்கேயே கோச்சாகத் திரும்பினார். ஆறு சீசனில் 75 வெற்றி, 109 தோல்வி. 2021-22 சீசனில் பிக் ஈஸ்ட் லீகில் 19 ஆட்டம் ஆடி 19லும் தோற்றார்கள். கிளைட் ட்ரெக்ஸ்லர் 1998இல் ஹூஸ்டனுக்குப் போய் இரண்டு சீசனில் 19-39 என்ற கணக்கோடு விலகினார். ஆடியபோது இருவரும் மலை. ஆனால் ட்ரெக்ஸ்லர் அதற்கு முன் கோச்சாகவே இருந்ததில்லை. யூயிங் பல ஆண்டுகள் என்பிஏவில் உதவிக் கோச்சாக இருந்தும், 18 வயதுப் பையன்களின் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் பேசி அழைத்துவரும் வேலை அவருக்குப் பழக்கமில்லை.

போப்பின் கதை வேறு. என்பிஏ முடிந்ததும் கொலம்பியாவில் மருத்துவம் படிக்கப் போனார். அதைப் பாதியில் விட்டு ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் அடிமட்ட வேலையில் சேர்ந்தார். அப்புறம் வேக் ஃபாரஸ்ட், யூட்டா வேலி, பிரிகம் யங். ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். எனக்கு 1996ஐவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆபீஸில் சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

இரண்டு நாளில் ஊரே தலைகீழாக மாறிவிட்டது. அறிமுக நிகழ்ச்சிக்கு எங்கள் அணி ஆடும் ரப் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் கிடையாது, ஒரு மனிதர் மைக்கில் பேசப் போகிறார், அதற்கு இருபதாயிரம் பேர்! பழைய ஆட்டக்காரர்களோடு பஸ்ஸில் அரங்குக்குள்ளேயே வந்து, 1996 கோப்பையோடு இறங்கினார் போப். கல்யாண ஊர்வலம் தோற்றது.

வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்தவர், அங்கே இரண்டு வருடம் ஆடிவிட்டு இங்கே மாறி வந்தவர். ஆனால் இன்று கேட்டால் கென்டக்கியின் பைக் கவுன்டியில் பிறந்தவர் என்றே சத்தியம் செய்வார்கள்.

ஜூன் 8, சனி

கலிபாரியின் ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வெறும் ஜெர்சிதான் இருந்தது. போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) வழியாக ஆள் பிடித்து மொத்த அணியையும் கட்டியிருக்கிறார் போப். டேட்டனிலிருந்து த்ரீ போடும் கோபி ப்ரியா, சான் டியாகோ ஸ்டேட்டிலிருந்து லாமன்ட் பட்லர், ஓக்லஹோமாவிலிருந்து ஒடேகா ஓவே, ட்ரெக்ஸலிலிருந்து இங்கிலாந்துக்காரர் அமாரி வில்லியம்ஸ். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. கூடவே, மாநில உயர்நிலைப் பள்ளி வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்த ட்ராவிஸ் பெரி. ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றே போதும்.

அக்டோபர் 11, வெள்ளி

சீசன் தொடக்க விழாவில் யார் வந்தது தெரியுமா? ரிக் பிட்டினோ. இங்கிருந்து போய் ஜென்மப் பகையாளி லூயிவில்லுக்கே கோச்சாக இருந்தவர். அவர் பெயரைச் சொன்னாலே காறித் துப்பிய ஊர் இது. இன்று எழுந்து நின்று கைதட்டுகிறது. தன் பழைய குருவை மேடையேற்றியதற்காகவே போப்புக்கு ஒரு மார்க் கூடப் போடலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

அட்லாண்டாவில் டியூக்கை 77-72 என்று வென்றோம்! பாதி ஆட்டத்தில் ஒன்பது புள்ளி பின்னால். கடைசியில் டியூக்கின் கூப்பர் ஃப்ளாக் கையிலிருந்து ஓவே பந்தைத் தட்டிப் பறித்தபோது நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

எதிர்ப்பக்கக் கோச் ஜான் ஷையரும் 2010இல் டியூக் கோப்பை வென்றபோது கேப்டன். இரண்டு பெஞ்சிலும் படித்த இடத்துக்கே திரும்பிய கேப்டன்கள். ஆனால் ஷையர் அங்கேயே உதவிக் கோச்சாக இருந்து, பழைய கோச் ஷஷெவ்ஸ்கி கண் முன்னாலேயே தயாரானவர். போப் எட்டு ஊர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்.

2025 பிப்ரவரி 1, சனி

கலிபாரி அர்க்கன்சாஸுடன் ரப்புக்கு வந்தார். உள்ளே வரும்போது ஊளை காதைப் பிளந்தது. 89-79, வெற்றி அவருக்கு. ஊளையிட்டதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இந்த மனிதர் கோப்பை வென்று தொங்கவிட்ட கொடியின் கீழே உட்கார்ந்துகொண்டுதானே கத்துகிறார்கள்?

அதற்கு நான்கு நாள் முன்தான் டென்னிசியை நாக்ஸ்வில்லிலேயே 78-73 என்று வீழ்த்தியிருந்தார் போப். அதை இன்று யாரும் பேசவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மார்ச் தொடரில் இலினாய் காலி, 84-75. ப்ரியா 23 புள்ளி. 2019க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசிப் பதினாறு அணிகளில் கென்டக்கி. மார்ச்சில் போப் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை என்ற பேச்சு வெள்ளிக்கிழமை ட்ராயை வென்றதோடே முடிந்துவிட்டது. ஆபீஸில் தலையில் கை வைத்தவர் "நான் அப்பவே சொன்னேன்" என்று குறுஞ்செய்தி அனுப்புகிறார்.

மார்ச் 28, வெள்ளி

இண்டியானாபோலிஸில் டென்னிசியிடம் 78-65 என்று தோற்றோம். சீசனில் இரண்டு முறை வென்ற அணியிடம் மூன்றாவது முறை மாட்டிக்கொண்டோம். எங்கள் ஜாக்சன் ராபின்சன் மணிக்கட்டுக் காயத்தால் ஏற்கெனவே வெளியே. ஆனால் அவர் இருந்தாலும் இன்றைய டென்னிசித் தடுப்பை உடைத்திருப்போமா என்பது சந்தேகம்தான். சீசனில் மொத்தம் 24 வெற்றி, 12 தோல்வி.

ப்ரியா, பட்லர், ஆண்ட்ரூ கார், வில்லியம்ஸ், ராபின்சன் எல்லோருக்கும் கல்லூரிக் காலம் முடிந்தது. மறுபடி போர்ட்டல், மறுபடி ஆள் பிடிப்பு. இந்த முறை பஸ்ஸும் கோப்பையும் உதவாது, பதினாறு போதாது என்று இன்றிரவே ஆரம்பித்துவிட்டார்கள். ஓவே மட்டும் என்பிஏ பக்கம் போகாமல் இன்னொரு வருடம் இருந்தால் பாதிக் கவலை தீரும்.