விண்டோஸ் கூடவே உபுண்டுவும் போடணுமா?

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து பழைய லேப்டாப்ல உபுண்டுவும் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ், லினக்ஸ் வகை) சேத்துப் போடலாமான்னு நிறைய பேரு கேக்குறீங்க, தாராளமா போடுங்க, ஆனா முதல்ல போட்டோ டாக்குமெண்ட் எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க. சி டிரைவ விண்டோஸுக்குள்ளயே டிஸ்க் மேனேஜ்மெண்ட் போய் ஷ்ரிங்க் பண்ணி (சுருக்கி) உபுண்டுவுக்கு இடம் ஒதுக்குறதுதான் சேஃப், 25 ஜிபி இருந்தா உபுண்டு ஏறிடும், நான் 60 விடச் சொல்வேன். பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா ரிக்கவரி கீய எழுதி வச்சுக்கிட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பயும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா விண்டோஸ் முழுசா ஷட்டவுன் ஆகாது, லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ்ல எழுதவே விடாது. இன்ஸ்டால் பண்றப்ப அந்த சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு மட்டும் ஃபார்மேட் குடுத்துடாதீங்க ப்ளீஸ், ரெண்டு ஓஎஸ்ஸும் பூட் ஆகறதே அது வழியாத்தான்.