படிவத்தில் மச்சானுக்கு இடமில்லை

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழாக்கம் செய்வது ராத்திரி பதினொன்றுக்கு மேல், சம்பளமில்லாமல். அதனால் எங்கள் திட்டத்திலிருந்து நலன் முரண் படிவம், அதாவது என் முடிவைச் சாய்க்கக்கூடிய சொந்த லாபமோ உறவோ உண்டா என்று கேட்கும் தாள், வந்தபோது எரிச்சல்தான் வந்தது. ஓசியில் உழைக்கிறவனிடம் என்ன கேள்வி இது?

காரணம் இருந்தது. தமிழ் விசைப்பலகையைச் சீராக்க ஒருவருக்குச் சிறு தொகை கொடுப்பதாக முடிவாகி, விண்ணப்பங்களை மதிப்பிடும் மூவரில் நானும் ஒருவன்.

முதலாளி யார் என்ற கேள்வியிலேயே இரண்டு வாரம் போனது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போய்விடும். என் தமிழாக்கம் அதில் சேராது என்று அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்தேன். பங்கு, வேறு வருமானம்? இல்லை, இல்லை.

அப்புறம்தான் சிக்கல். விண்ணப்பித்த மூவரில் ஒருவன் என் மச்சான், மனைவியின் தம்பி. படிவத்தில் மனைவி, பிள்ளைகள் மட்டும்தான் இருந்தார்கள். ஆனால் ஞாயிறுதோறும் பட்டர்வொர்த்தில் மாமியார் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கேட்கவில்லையே, விட்டுவிடலாமா?

பைத்தான் என்ற கட்டற்ற நிரல்மொழியின் வழிகாட்டுக் குழுவில் ஐந்து பேர். ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அவர்கள் எல்லாம் திருடர்களா என்ன? சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் 'உறவினர்' என்று எழுதினேன். மழுப்பலாக இருந்தது. அழித்துவிட்டு, "ஒரு விண்ணப்பதாரர் என் மனைவியின் தம்பி. அவருக்கு மதிப்பெண் போட மாட்டேன்" என்று அனுப்பினேன்.

ஒருங்கிணைப்பாளர் மறுநாளே பதில் போட்டார்: மற்ற இருவருக்கும் நீங்கள் போடக்கூடாது, அவர்களுக்குக் குறைத்தாலும் உங்கள் மச்சானுக்குத்தானே லாபம்? அதுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை. அந்தச் சுற்றிலிருந்து முழுதாக விலகினேன். காரணத்தோடு கூட்டக் குறிப்பில் ஏறியது.

வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த ஞாயிறு மாமியார் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்பிள்ள, உள்ள இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"