இறக்கத்தில் சொட்டிய டீசல்

லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் தொடங்கும் ஆறு கிலோமீட்டர் மலைச்சாலையில் இழுக்காத சரக்கு வண்டி, கம்பம் பள்ளத்தாக்கின் சமதளத்தில் எவ்வளவு நன்றாக ஓடினாலும், கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் பிழைப்பவருக்குப் பயன்படாது. கூடலூரில் என் பட்டறைக்கு வந்த 15 வயதுப் பிக்கப் ஒன்றின் கதை அதுதான்.

வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக் கட்டப்பனைக்கு ஓட்டி வந்த அதன் உரிமையாளர், "அண்ணே, ஏத்தத்துல அமுங்குது, ரெண்டாம் கியர்ல போட்டாலும் இழுக்க மாட்டேங்குது, டீசல் வாடையும் அடிக்குது" என்றார். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இங்கே இரண்டும் சேர்ந்தே இறங்கின. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் சைலன்சரில் கரும்புகை வரும். இதில் புகையே இல்லை. ஆகவே காற்று போதுமான அளவு கிடைக்கிறது, டீசல்தான் குறைகிறது என்று நான் முடிவு செய்தது சரியே. அதற்கு அடுத்த படியில்தான் தவறினேன்.

இன்ஜினைக் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி ஓடவிட்டபோது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் மேல் போகும் ஓவர்ஃப்ளோ டியூப் வெடித்து, பவுடரில் ஈரக்கோடு இறங்கியது. கசியும் டீசல் காற்றோடு பின்னுக்கும் கீழுக்கும் ஓடுவதால், ஈரத்தின் உச்சிப் புள்ளியைத்தான் தேட வேண்டும். டீசலை அழுத்தித் தள்ளும் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் உயரழுத்தக் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மயிரிழையாகப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். முள் குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். அங்கே ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே போதும்.

டியூபை மாற்றியதும் வாடை குறைந்தது. ஓவர்ஃப்ளோ டியூபில் ஓடுவது நாசில் செலவழிக்காமல் திருப்பி அனுப்பும் டீசல். அது ஒழுகினால் காசு போகும், இழுவை போகாது. இது தெரிந்திருந்தும், பம்பு தேய்ந்திருக்கும் என்று கருதிப் பம்பையும் நாசில்களையும் கழற்றிப் பழுது பார்க்கத் தேனிக்கு அனுப்பினேன். 14,000 ரூபாய் ஆயிற்று. ஒரு வாரத்தில் அவர் அதே குறையோடு திரும்பி வந்தார். கடன் வாங்கிக் கொடுத்த பணம் என்பதை அன்றுதான் சொன்னார். அவர் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அன்று அவரை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டேன். டேங்க் நிறைந்திருக்கும்போது மலைச்சாலையின் உச்சியிலுள்ள குமுளியில் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் வண்டிக்கு அடியில் சொட்டுகிறது என்றும், ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் சொட்டுவதில்லை, ஆனால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றும் சொன்னார். முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். மூக்கு கீழே இருக்கும்போது டேங்கில் உள்ள டீசல் மட்டம் குழாயைவிட உயர்ந்து நின்று ஓட்டை வழியே டீசலை வெளியே தள்ளுகிறது. மூக்கு மேலே இருக்கும்போது, டேங்கிலிருந்து டீசலை இழுத்து அழுத்தும் பம்புக்குத் தரும் ஃபீட் பம்ப் அதிக உயரத்துக்கு டீசலை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. பாரத்தால் தேவையும் கூடுகிறது. அதே ஓட்டை வழியே காற்று உள்ளே நுழைகிறது. நின்றால் அதே காற்று குழாயில் புகுந்து டீசலை டேங்குக்கே திரும்ப விட்டுவிடுகிறது. இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒரே ஓட்டை.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபில் ஒரு முழம் வாங்கி, ஃபீட் பம்புக்கு டீசல் வரும் வாயில் பொருத்தினேன். பட்டறை வாசலில் குமிழி எதுவும் வரவில்லை. லோயர் கேம்ப்புக்கு மேலே ஏற்றத்தில் ஓரங்கட்டி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னபோது குமிழிகள் வரிசையாக வந்தன. குழாயைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனதில், கியர்பாக்ஸுக்கு அருகே சேசிஸில் உரசிய ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. அங்கே படிந்திருந்த கருஞ்சேற்றைக் கியர் ஆயில் கசிவு என்று முன்பு கடந்து போயிருந்தேன். ஃபீட் பம்பின் சல்லடையிலும் ரப்பர்த் துகள்கள் இருந்தன.

புது ஹோஸுக்கும் இரண்டு கிளிப்புக்கும் 220 ரூபாய். கூலி வாங்கவில்லை. பம்பைக் கழற்றி மாட்டியதற்கு முன்பு வாங்கிய கூலியையும் திருப்பிக் கொடுத்தேன். தேனியில் போன பணத்தை மீட்க வழியில்லை.

மறுநாள் பாரத்தோடு நானும் கூடப் போனேன். மலைச்சாலையில் உள்ள இரைச்சல் பாலத்தை மூன்றாம் கியரில் கடந்தோம். குமுளியில் வண்டியைத் திருப்பி இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, அடியில் அட்டையை விரித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். அரை மணி நேரம் கழித்து அவரே குனிந்து அட்டையை இழுத்துப் பார்த்தார். அது காய்ந்தே இருந்தது.