நியூட்ரான் பட்ட ஜெர்மானியம்: ஒரு குளோவர் டிடெக்டரின் அனீலிங் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

மேசைக்கு வந்திருப்பது காமா கதிர்களின் ஆற்றலை அளக்கும் குளோவர் டிடெக்டர். நியூட்ரான் அடியால் கெட்ட கிரிஸ்டலைச் சூட்டில் வைத்துத் தேற்றுவதுதான் அனீலிங். ஒரே கிரையோஸ்டாட்டுக்குள் (குளிரூட்டிய வெற்றிடக் கலம்) என்-வகை மிகத்தூய ஜெர்மானியக் கிரிஸ்டல்கள் நான்கு; வெட்டிச் செதுக்குவதற்கு முன் ஒவ்வொன்றும் 50 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். டெல்லி, மும்பை, கொல்கத்தா முடுக்கிகளுக்கு முறைவைத்துப் போகும் ‘இங்கா’ என்னும் இந்திய தேசிய காமா அணியில் இருப்பதும் இதே வகைதான். கோபால்ட்-60 வைத்து எடுத்ததில் 1332.5 கே.இ.வி. (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) சிகரத்தின் பாதி உயர அகலம், நான்கு கிரிஸ்டலுக்கும்: அ 2.3, ஆ 2.4, இ 2.6, ஈ 3.4. நல்ல நிலையில் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டியது.

சிகரம் அகன்றால் உடனே ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) மேல் பழி போடுவது எல்லா ஆய்வகத்திலும் உள்ள பழக்கம். பல்சரால் ஒரே அளவுள்ள செயற்கைத் துடிப்புகளைச் செலுத்திப் பார்த்தால் வழக்கு அரை மணியில் தீர்ந்துவிடும். நான்கு கிரிஸ்டலிலும் பல்சர் சிகரம் 1.0 கே.இ.வி. அகலம்தான். ஜெர்மானியத்தில் ஒரு எலக்ட்ரான்-துளை இணைக்கு (துளை என்பது எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம், நேர் மின்னூட்டம் போல நகரும்) 2.96 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. இணைகளின் எண்ணிக்கை எவ்வளவு சிதறும் என்பதைச் சொல்லும் ஃபானோ காரணி 0.11 என்று வைத்தால் புள்ளியியல் அகலம் 1.55 வரும். ஈ-யின் 3.4-ஐ வர்க்கப்படுத்தி, இந்த இரண்டின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் மிச்சம் 2.9. இது மின்னணுவியல் அல்ல, கிரிஸ்டலுக்குள் தொலைந்துபோகும் மின்னூட்டம்.

சிகரத்தின் வடிவமும் அதையே சொல்கிறது. பத்தில் ஒரு பங்கு உயரத்தில் உள்ள அகலத்தைப் பாதி உயர அகலத்தால் வகுத்தால் சுத்தமான காஸியனுக்கு 1.82. ஈ-க்கு 2.4, வால் இடப்பக்கம் மட்டும். துடிப்பின் வாலைச் சரிக்கட்டும் போல்-ஜீரோ அமைப்பு தப்பாக இருந்தாலும் இடப்பக்க வால் வரும், ஆனால் எண்ணிக்கை வீதத்தைக் குறைத்தால் அது சுருங்கும். கோபால்ட் மூலத்தைத் தள்ளி வைத்தும் இந்த வால் அசையவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

காரணம் நியூட்ரான். இணைவு-ஆவியாதல் வினைகளில் (இரண்டு அணுக்கருக்கள் இணைந்து துகள்களைக் கக்குவது) நியூட்ரான்கள் பெரும்பாலும் முன்பக்கம் பாய்கின்றன. முன்கோணத்தில் வைத்த டிடெக்டர் அதிகம் அடிபடும். வேக நியூட்ரான் படிகத்தைக் குலைத்து விட்டுப்போகும் இடங்கள் துளைகளைப் பிடித்துவைக்கும் பொறிகளாகின்றன. என்-வகையில் துளைகள் வெளி மின்முனைக்குப் போகின்றன. கிரிஸ்டலின் பெரும்பகுதி கனஅளவு வெளிப்புறத்தில்தான் இருப்பதால் அவை நடக்கும் தூரம் குறைவு. பீ-வகையைவிட இது அதிக அடி தாங்குவதற்குக் காரணம் அவ்வளவே.

எச்சரிக்கை: அடிபட்ட டிடெக்டரை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அனீல் செய்யாமல் மறுபடி குளிர்வித்தால் வால் இன்னும் நீளும். சூடாக்கத் தொடங்கினால் கடைசி வரை போக வேண்டும். ஹை வோல்டேஜை இறக்கி, திரவ நைட்ரஜனை வெளியேற்றி அப்படியே விட்டாயிற்று.

6 பிப்ரவரி, வியாழன்

மின்தடையால் வெப்பநிலையைக் காட்டும் பிளாட்டினம் உணரி 108 ஓம், அதாவது அறை வெப்பம். இதற்கு முன் டிடெக்டரின் வெற்றிட வால்வைத் தொடக் கூடாது. குளிர்ந்த கிரிஸ்டலே ஒரு கிரையோபம்ப் (குளிரால் வாயுவைப் பிடிக்கும் பம்ப்) போல வேலை செய்யும். குழாயில் மிச்சமுள்ள ஈரமும் எண்ணெய் ஆவியும் அதன் மேல்தான் போய்ப் படியும்.

எண்ணெய் இல்லாத ஸ்க்ரோல் பம்ப், அதன் மேல் டர்போ பம்ப். முதலில் இணைப்புக் குழாயை மட்டும் இரவு முழுக்க இழுத்து 10⁻⁶ மில்லிபாருக்குக் கொண்டுவந்து, பிறகே டிடெக்டர் வால்வு. மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று நடுவில் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அனீலிங் தொடங்குவது சூதாட்டம்.

7 பிப்ரவரி, வெள்ளி

ஹீட்டர் போட்டாயிற்று. வெற்றிடத்தைக் காக்க உள்ளே வைத்திருக்கும் மூலக்கூறு சல்லடை உறிஞ்சிவைத்த வாயுவைக் கக்குவதால் அழுத்தம் ஏறுகிறது. 10⁻⁵-ஐத் தாண்டினால் வெப்பத்தை அங்கேயே நிறுத்தி, இறங்கிய பிறகு மேலே போவது. இலக்கு 105 டிகிரி செல்சியஸ், உணரியில் 140.4 ஓம். இதற்கு மேல் போனால் உட்புற லித்தியம் மின்முனை கிரிஸ்டலுக்குள் பரவித் தடிக்கும். மாலை 6 மணிக்கு இலக்கைத் தொட்டது.

10 பிப்ரவரி, திங்கள்

140.4 ஓம். வேறொன்றும் இல்லை.

12 பிப்ரவரி, புதன்

120 மணி நேரம் முடிந்து ஹீட்டர் நிறுத்தம். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது.

13 பிப்ரவரி, வியாழன்

அறை வெப்பத்தில் வால்வை மூடி, திரவ நைட்ரஜன் ஊற்றியாயிற்று. நடுவில் நைட்ரஜன் தீர்ந்து பாதி சூடானால் அதன் மேலேயே ஊற்றக் கூடாது. சல்லடை விட்ட வாயு கிரிஸ்டலில் படிந்திருக்கும். முழுக்கச் சூடாக்கி மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

14 பிப்ரவரி, வெள்ளி

குளிரூட்டி 24 மணி நேரம் ஆனது. உணரி 21 ஓம். ஹை வோல்டேஜின் துருவத்தை லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. தலைகீழாகக் கொடுத்தால் ப்ரீஆம்பின் முதல் டிரான்சிஸ்டரான எஃப்.இ.டி. போய்விடும். நைட்ரஜன் தீர்ந்தால் வோல்டேஜை வெட்டும் ஷட்டவுன் கேபிளும் இணைத்தாயிற்று.

100 வோல்ட் படிகளாக ஏற்றம். தனியாக பிகோஆம்மீட்டர் தேவையில்லை. பின்னூட்ட மின்தடை 1 கிகாஓம் என்பதால் ப்ரீஆம்ப் வெளியீட்டின் டி.சி. மட்டமே கசிவைச் சொல்லிவிடும்: 10 பிகோஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட். ஒவ்வொரு படியிலும் மட்டம் துள்ளி, திரும்ப உட்கார்ந்த பிறகே அடுத்த படி.

2400 வோல்ட்டில் அலைகாட்டியில் கூர்முனைகள். இங்கே பதறி ‘கிரிஸ்டல் போச்சு’ என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. கிரிஸ்டல் கசிந்தால் அந்த ஒன்றின் மட்டம் மெல்ல நகரும். இங்கே மட்டம் நகரவில்லை, நான்கிலும் ஒரே நேரத்தில் வெடிப்பு. இந்தக் கிரையோஸ்டாட்டில் நான்குக்கும் ஹை வோல்டேஜ் ஒரே வழியாகத்தான் வருகிறது. எனவே குற்றம் அந்தப் பொது வழியில். இறக்கிப் பார்த்தால் ஃபில்டர் பெட்டியில் ஈரம். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர் நைட்ரஜன் ஊதி, புது ஜெல் வைத்த பிறகு 3500 வரை அமைதி. நான்கிலும் கசிவு 40 பிகோஆம்பியருக்குள்.

17 பிப்ரவரி, திங்கள்

6 மைக்ரோவினாடி ஷேப்பிங்கில் (பெருக்கி துடிப்பை வடிவமைக்கும் நேரம்): அ 2.0, ஆ 2.0, இ 2.1, ஈ 2.2. ஈ-யின் அகல விகிதம் 1.9. இன்னும் இரண்டு நாள் சூட்டில் விட்டிருந்தால் ஈ கொஞ்சம் தேறியிருக்கலாம். அந்த 0.1-க்காக மறுபடி சூடாக்குவது வீண்.

யூரோப்பியம்-152 மூலத்தை 25 செ.மீ.யில் வைத்து 121.8 முதல் 1408.0 கே.இ.வி. வரை திறன் வளைகோடும் (எந்த ஆற்றலில் எத்தனை பங்கு பிடிபடுகிறது என்பது) எடுத்தாயிற்று. பழைய வளைகோட்டோடு பொருந்துகிறது. பீ-வகையாக இருந்திருந்தால் வெளியே உள்ள லித்தியம் அடுக்கு தடித்து 121.8 அடிவாங்கியிருக்கும். இங்கே வெளியில் இருப்பது 0.3 மைக்ரான் போரான் அடுக்குதான்.

அணியில் திரும்ப ஏற்றும்போது ஈ உள்ள குளோவருக்குப் பின்கோணத்தில் இடம். கேபிளில் பழைய ஆதாய எண்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றைக் கிழித்துவிட்டுப் புதிதாக அளவீடு செய்ய வேண்டும்.