ஜார்ஜ் மேசனோடு சில நாட்கள்

ஜூன் 8
ஜார்ஜ் மேசனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பொடோமாக் ஆற்றங்கரையில் வாழ்ந்த புகையிலைப் பண்ணையார். 1735இல் அப்பா படகு கவிழ்ந்து இறந்தபோது இவருக்கு ஒன்பது வயது. அத்தையின் கணவர் ஜான் மெர்சர் வக்கீல். வீடு நிறையப் புத்தகம். மேசனுக்குப் படிப்பு அங்கேதான். கல்லூரிக்குப் போனதே இல்லை.

ஜூன் 9
அவருடைய கன்ஸ்டன் ஹால் வீட்டைப் பற்றி மகன் ஜான் பின்னாளில் எழுதியிருக்கிறார். தச்சர், கொல்லர், தோல் பதனிடுபவர், செருப்பு தைப்பவர், நூல் நூற்பவர், நெசவாளர் என்று எல்லோரும் பண்ணையிலேயே இருந்தார்களாம். எல்லோரும் அடிமைகள்.

ஜூன் 12
இதே தேதியில், 1776இல், வில்லியம்ஸ்பர்க்கில் வர்ஜீனியா உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. முதல் வரைவு மேசனுடையது. எல்லா மனிதரும் சம சுதந்திரத்தோடு பிறந்தவர்கள் என்று எழுதியிருந்தார். மற்ற பண்ணையார்கள் பதறிவிட்டார்கள். அடிமைகள் இந்த வரியைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கடைசியில் ‘சமூகமாகச் சேரும்போது’ என்று ஒரு சொற்றொடரை நுழைத்தார்கள். அடிமைகள் சமூகத்தில் சேர்த்தி இல்லை என்பது அவர்கள் கணக்கு. அந்தத் திருத்தத்தைத் தாண்டி இன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை.

ஜூன் 13
அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றக் கீழவைக்கும் போனார். கீல்வாதம் ஆளை முடக்கிப்போடும். கூட்டத்துக்குப் போய்வருவதே பெரும்பாடு.

ஜூன் 15
1787, பிலடெல்பியா. அமெரிக்க அரசியலமைப்பை எழுதும் மாநாடு. அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் பிறவியிலேயே ஒரு குட்டிக் கொடுங்கோலன் என்று ஆகஸ்ட் 22 அன்று எழுந்து பேசினார். தன்னையும் சேர்த்துத்தானே அது! அதில் குடிமக்களின் உரிமைகள் பட்டியல் வேண்டும் என்று செப்டம்பரில் கேட்டார், தோற்றார். கடைசி நாளில் அவையில் இருந்தும் கையெழுத்துப் போட மறுத்த மூன்று பேரில் இவர் ஒருவர். அந்தப் பிடிவாதத்துக்கு மனசார வணங்குகிறேன். 1791 டிசம்பரில் உரிமைகள் பட்டியல் வந்துவிட்டது.

ஜூன் 16
இன்று உயிலைப் படித்தேன். முதல் மனைவி ஆன் இறந்து பதினோராம் நாள், 1773 மார்ச் 20இல் எழுதியது. பொதுக்காரியத் தொல்லை வேண்டாம், தனி வாழ்க்கையே மேல் என்று மகன்களுக்கு அதில் புத்தி சொல்லியிருக்கிறார். அப்புறம் பிள்ளைகளுக்கு அடிமைகளில் பங்கு. மூத்த மகளுக்கு, குளோவின் மகள் பெஸ், பெஸ்ஸின் குழந்தை ஃபிராங்க். அந்தக் குழந்தையின் பெயரில் நின்றுவிட்டேன். பிரகடனத்துக்குப் பிறகும், பிலடெல்பியாவுக்குப் பிறகும் அவர் உயிலை மாற்றி எழுதவில்லை. 1792 அக்டோபர் 7 அன்று அவர் இறந்ததும் நடைமுறைக்கு வந்தது இதுதான்.