99.5 சதவீதம் வந்த பிறகும் 11 நிமிடத் துடிப்புகள் காணாமல் போயின

அரைமணி நேர ஈசிஜி பதிவுகளில் நன்றாக ஓடிய என் இதயத் துடிப்பு கண்டறியும் நிரல், 24 மணி நேர ஹோல்டர் (உடலில் கட்டிக்கொண்டே நடமாடும் ஈசிஜி கருவி) பதிவில் என்னை இரண்டு மாதம் படுத்தி எடுத்துவிட்டது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஈசிஜியில் துடிப்புகளைக் கண்டறிய 1985இல் வந்த பான்–டாம்ப்கின்ஸ் முறையை நிரலாக்கியதிலும், துடிப்புகள் ஏற்கெனவே குறிக்கப்பட்ட எம்ஐடி-பிஐஎச் ஈசிஜி தரவுத்தளத்தின் 48 பதிவுகளை இறக்கிக்கொண்டதிலும் சிக்கல் இல்லை. அந்த முறையின் வடிகட்டிகள் 200 ஹெர்ட்ஸுக்காக, அதாவது நொடிக்கு 200 மாதிரிகளுக்காக, அமைக்கப்பட்டவை. பதிவுகளோ 360 ஹெர்ட்ஸ். எனவே எல்லாவற்றையும் 200க்கு மாற்றிக்கொண்டு ஓட்டினேன்.

முதல் அடி மதிப்பெண் போடுவதில் விழுந்தது. ஏராளமான துடிப்புகளை நிரல் தவறவிட்டதாகக் காட்டியது. வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அந்த இடங்களில் துடிப்பே இல்லை. ஒரு வாரம் வடிகட்டியை நோண்டிய பிறகுதான் பதிவோடு வரும் குறிப்புக் கோப்பை வரிவரியாகப் படித்தேன். அதில் இருக்கும் குறிகள் எல்லாம் துடிப்புகள் அல்ல. கூட்டல் குறி தாளம் மாறுவதைச் சொல்கிறது. அலைக்குறி சமிக்ஞையின் தரம் மாறுவதைச் சொல்கிறது. நான் இவற்றையும் துடிப்பாக எண்ணியிருக்கிறேன். துடிப்புக் குறிகளை மட்டும் எடுத்து, 150 மில்லிநொடி இடைவெளிக்குள் பொருத்திப் பார்த்ததும் 99.5 சதவீதம் வந்தது. 207ஆம் பதிவில் வென்ட்ரிக்குலர் ஃப்ளட்டர் (இதயத்தின் கீழறைகள் அதிவேகமாகத் துடிக்கும் நிலை) வரும் பகுதிகளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அங்கே தனித்தனித் துடிப்பு என்று எதையும் பிரிக்க முடியாது.

அப்புறம் நீண்ட பதிவு. அடுத்தவர் பதிவை வைத்துத் தடுமாற வேண்டாம் என்று நானே ஒரு நாள் ஹோல்டர் கருவியைக் கட்டிக்கொண்டேன். எழுந்தது, நடந்தது, படுத்தது என எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்தும் வைத்தேன். அந்த நோட்டு பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

கருவியின் கையேட்டில் மாதிரி வீதம் 256 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. அதை நம்பிக் கோப்பைப் படித்தால் என் பதிவு 12 மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தயாரிப்பு நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அதே கையேட்டை அனுப்பி வைத்தார்கள். கேள்வியை யாராவது படித்தார்களா என்றே தெரியவில்லை. கடைசியில் நானே எண்ணினேன். கோப்பில் இருந்தவை 1,10,59,200 மாதிரிகள். 86,400 நொடியால் வகுத்தால் மிச்சமில்லாமல் 128. உள்ளே 256இல் பதிவுசெய்யும் கருவி, கோப்பாக வெளியே தரும்போது பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஒரே ஒரு வகுத்தல் கணக்கு, மூன்று வாரக் காத்திருப்பு. நீங்கள் யாரையும் கேட்பதற்கு முன்பே இதைப் போட்டுப் பாருங்கள்.

வீதம் தெரிந்ததும் ஓட்டினேன். ஒரு நாளில் 1,48,000 துடிப்புகள் என்றது! நிமிடத்துக்கு 70 என்று வைத்தாலே ஒரு நாளைக்கு ஒரு லட்சம் சொச்சம்தான் வரவேண்டும். தவறு என்னுடையது. எம்ஐடி பதிவுகளை 200க்கு மாற்றிய நான், இந்தப் பதிவை 128இலேயே விட்டுவிட்டேன். வடிகட்டியின் எண்களைத் தொடாமல் 128 ஹெர்ட்ஸில் ஓட்டினால், 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை இருக்கவேண்டிய பட்டை ஏறக்குறைய 3 முதல் 10 வரை இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்குப் பின்னால் வரும் மெதுவான மேடான டி அலை தாராளமாக உள்ளே வந்துவிடும். 150 மில்லிநொடி சராசரிச் சாளரத்தை 30 மாதிரிகள் என்று எழுதியிருந்தேன். அதுவும் 234 மில்லிநொடியாக நீண்டுவிட்டது. நிரலில் எந்த நேரத்தையும் மாதிரி எண்ணிக்கையாக எழுதாதீர்கள். மில்லிநொடியில் எழுதி, வீதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மொத்த எண்ணிக்கை சரியாகத் தோன்றியது. முடிந்தது என்றே நினைத்தேன். ஹோல்டர் பதிவுகளைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் டெக்னீஷியன் ஒருவரிடம் காட்டினேன். அவர் மொத்தத்தைப் பார்க்கவே இல்லை. நிமிடவாரியாக வரைந்த கோட்டை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "ராத்திரி 2:40க்கு என்ன பண்ணீங்க? இங்க 11 நிமிஷம் துடிப்பே இல்லையே" என்றார். நோட்டைப் பார்த்தேன்: 2:40, தண்ணீர் குடிக்க எழுந்தது.

சமிக்ஞையைத் திறந்தால் துடிப்புகள் பளிச்சென்று தெரிகின்றன. நிரல் மட்டும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. காரணம் பிடிபட நான்கு நாள் ஆனது. எழுந்தபோது எலக்ட்ரோடு இழுபட்டு ஒரு பெரிய உதறல் பதிவாகியிருக்கிறது. உயரம் வழக்கமான துடிப்பைப்போல 10 மடங்கு. இந்த முறையில் சமிக்ஞையை வர்க்கப்படுத்துகிறோம் அல்லவா, அதனால் அது 100 மடங்காகிறது. துடிப்பாகக் கண்ட உச்சங்களுக்கு நிரல் ஒரு சராசரி வைத்திருக்கும். அதில் புதிய உச்சத்துக்கு எட்டில் ஒரு பங்கு எடை. சாதாரணத் துடிப்பை 1 என்று வைத்தால் அந்த ஒரே உதறலில் சராசரி 13ஐத் தாண்டிவிடுகிறது. கண்டறியும் வரம்பு அதில் கால் பங்கு, அதாவது 3க்கு மேல். உயரம் 1 உள்ள துடிப்பு அதைத் தொடவே முடியாது. தவறவிட்டதைத் தேடித் திரும்பிப் பார்க்கும்போது வரம்பு பாதியாகும். அதுவும் 1.6க்கு மேல்தான். இதைவிடக் கொடுமை என்னவென்றால், தப்பிய நல்ல துடிப்புகள் எல்லாம் இரைச்சல் கணக்கில் ஏறி வரம்பை இன்னும் மேலே தள்ளுகின்றன. வரம்பு தானாக இறங்க வழியே இல்லை. 11 நிமிடம் கழித்து நான் மறுபடி புரண்டு படுத்திருக்கிறேன். நிரல் அதற்குப் பிறகுதான் மீண்டது.

மொத்தத்தில் இது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அந்த 11 நிமிடத்தை நம்பி அறிக்கை போனால் இதயம் நின்றதாக அல்லவா எழுதியிருப்பார்கள்? எழுந்து நடமாடித் தூங்கிப் புரளும் ஒரு முழு நாளில் இப்படி ஓர் உதறல் வராமல் இருக்காது.

முதல் திருத்தமாக, மூன்று நொடி துடிப்பு இல்லையென்றால் வரம்பைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி செய்தேன். அதுவும் பொறிதான். எலக்ட்ரோடு கழன்று கோடு தட்டையாக ஓடிய இடத்தில் நிரல் இரைச்சலையே துடிப்பாக எண்ணத் தொடங்கியது. உண்மையான இடைநிறுத்தம் வந்தால் அதையும் இப்படியே மூடி மறைத்திருக்கும். இப்போது இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். கடைசி எட்டுத் துடிப்புகளின் நடு மதிப்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் எந்த உச்சமும் சராசரியில் ஏறாது. புதிதாகக் கற்கும் வரம்பு அந்த நடு மதிப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காது. சாய்ந்து படுத்தால் துடிப்பின் உயரமே குறையும் என்பதால் இந்த அடித்தளத்தை அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை.

காலையில் பல் துலக்கிய மூன்று நிமிடத்தை எந்தக் கட்டுப்பாடும் காப்பாற்றவில்லை. நொடிக்கு நான்கைந்து முறை ஒரே சீராகக் கை அசைவதால் அது வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா (கீழறைகளிலிருந்து எழும் வேகத் துடிப்பு) போலவே தெரிகிறது. வேறு எலக்ட்ரோடுகளிலிருந்து பதிவாகும் இரண்டாவது சேனலில் ஒருபகுதி மீண்டது. மீதியைப் 'படிக்க முடியாத பகுதி' என்று குறித்துவிட்டேன். வேறு வகையான இரண்டு கண்டறிவான்களை ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை இப்படி ஒதுக்குவது நன்றாகவே வேலை செய்கிறது.

சரிபார்க்க, 10 நொடித் துண்டாக வெட்டினால் ஒரு நாளுக்கு 8,640 துண்டுகள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து இடைவெளிகளின் நடு மதிப்பிலிருந்து மிகவும் விலகும் இடைவெளிகளை மட்டும் எடுத்துக் கண்ணால் பாருங்கள். ஆனால் அவற்றை நிரலே அழிக்க விடாதீர்கள். முன்கூட்டி வரும் நிஜத் துடிப்புகளும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும் என்று டெக்னீஷியன் எச்சரித்தது சரியாக இருந்தது. என் பதிவிலேயே ஆறு இருந்தன. ஒன்றிரண்டு தவறினால் என்ன என்று விடவும் முடியாது. 800 மில்லிநொடி இடைவெளியில் ஓடும் ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு துடிப்பு விடுபட்டால், 30 மில்லிநொடி இருக்கவேண்டிய ஆர்எம்எஸ்எஸ்டி (அடுத்தடுத்த இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்ற அளவு) 65ஐத் தாண்டிவிடுகிறது.

போன வாரம் முழுப் பதிவையும் திரும்ப ஓட்டி அவரிடம் கொண்டுபோனேன். நேராக 2:40க்குப் போனார். உதறல் முடிந்து இரண்டாவது துடிப்பிலேயே குறி விழுந்திருந்தது. தலையாட்டிவிட்டு அடுத்த மணி நேரத்துக்கு நகர்ந்தார்.