மாணவர் சாதனை என்று எதை எழுதுவது?

கல்வியாண்டு முடியும் தறுவாயில் எங்கள் நரம்பு அறிவியல் துறையின் ஆண்டறிக்கைக்காக மாணவர் சாதனைகளைத் தொகுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வருகிறது. இளநிலை மாணவர்களில் யார் எந்த மாநாட்டில் தம் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைத்தார்கள், யாருக்குப் பயண உதவித்தொகை கிடைத்தது, யாருடைய பெயர் ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்றது, யார் முனைவர் பட்டப் படிப்பிலோ மருத்துவப் படிப்பிலோ சேர்ந்தார்கள் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும் என்பது வழக்கம். அந்த வரிகள் ஒவ்வொன்றும் உழைத்துப் பெற்றவை. அவற்றை எழுதும்போது எனக்கு உண்டாகும் பெருமிதத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றைப் படிக்கும் ஒருவருக்கு, அந்த மாணவர் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார், அதற்காக என்ன செய்தார், முடிவில் என்ன கண்டார் என்பது எதுவும் தெரிவதில்லை. இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு பெயரின் அருகிலும் அவருடைய கேள்வியையும் எழுத வேண்டும் என்று நான் துறையில் கேட்டிருக்கிறேன். அதற்கான காரணங்களை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நரம்பு அறிவியல் இளநிலைப் பாடமாகத் தனித்து நின்றது அண்மைக் காலத்தில்தான். உயிரியல், உளவியல், வேதியியல், இயற்பியல், கணினியியல் என்று பல துறைகளில் சிதறிக் கிடந்த மூளை ஆய்வாளர்களை ஒன்று சேர்த்த சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் அமைப்பு அமெரிக்காவில் 1969-இல் உருவானது. இளநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தங்களுக்கென்று ஃபேகல்டி ஃபார் அண்டர்கிராஜுவேட் நியூரோசயின்ஸ் என்ற அமைப்பை 1991-இல்தான் தொடங்கினார்கள். இளநிலைக் கல்விக்கான ஆய்விதழ் ஒன்றை 2002-இல் கொண்டுவந்தவர்களும் அவர்களே; மாணவர்களின் கட்டுரைகளுக்கும் அதில் இடம் உண்டு. சிறந்த மாணவர்களை உறுப்பினராக்கும் நூ ரோ சை என்னும் மாணவர் மதிப்புச் சங்கம் 2006-இல் வந்தது. ஆக, இன்று ஒரு மாணவர் பெரிய மாநாட்டில் தம் போஸ்டருடன் நிற்க முடிகிறது என்றால், அதற்கான இடத்தை முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று மாணவர் என்ன பேசினார் என்பதைப் பதிவு செய்யாமல், நின்றார் என்பதை மட்டும் பதிவு செய்வது எனக்குப் போதவில்லை.

இந்த ஆண்டு எங்கள் துறையில் நடந்தவற்றுள் மிகச் சிறந்த வேலை என்று நான் கருதுவது பரிசு எதுவும் பெறாத ஒன்று. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் பழ ஈக்களின் உறக்கத்தை ஆராய்ந்தார். ஈ உறங்குமா என்று கேட்பவர்கள் உண்டு, உறங்கும். தொடர்ந்து 5 நிமிடமோ அதற்கு மேலோ அசையாதிருக்கும் ஈயை உறங்குவதாகக் கொள்ளலாம் என்பது 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு நிலைபெற்ற அளவுகோல். மெல்லிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் உணவுக் கூழும் மறுமுனையில் பஞ்சும் வைத்து, உள்ளே ஒரே ஓர் ஈயை விட்டு, அத்தகைய குழாய்களை ஒரு கருவியில் வரிசையாகச் செருகுவார்கள். ஒவ்வொரு குழாயின் நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்று குறுக்கே பாய்ந்துகொண்டிருக்கும். ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் கணினியில் ஓர் எண் கூடும். இரவில் மங்கலான வெளிச்சம் இருந்தால் மறுநாள் பகல் உறக்கம் மாறுகிறதா என்பதே அவருடைய கேள்வி.

முதல் சுற்றில் வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது. வெளிச்சத்தில் இருந்த ஈக்கள் மறுநாள் கூடுதலாக உறங்கியிருந்தன. வரைபடம் அழகாக இருந்தது. அப்படியே போஸ்டரில் ஒட்டியிருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் குழு வாரியாகப் பார்ப்பதோடு நில்லாமல் குழாய் வாரியாகவும் எண்களை விரித்துப் பார்த்தார். கருவியின் ஒரு கோடியில் இருந்த குழாய்களில் மட்டும் வேறுபாடு மிகுந்திருந்தது. அந்தக் கோடி விளக்கின் அருகில் இருந்தது. சிறு வெப்பமானி ஒன்றை இரு கோடிகளிலும் மாற்றி மாற்றி வைத்து, விளக்கின் பக்கம் வெப்பநிலை சற்றுக் கூடுதலாக இருப்பதை உறுதி செய்தார். வெப்பநிலை மாறினால் ஈயின் உறக்கமும் மாறும். பிறகு எந்த ஈ எந்தக் குழாய்க்குப் போக வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, விளக்கையும் தள்ளி வைத்து, முழுச் சோதனையையும் மறுபடி நடத்தினார். வேறுபாடு மறைந்துவிட்டது.

அவர் தயாரித்த போஸ்டரில் இரண்டு வரைபடங்களும் அருகருகே இருந்தன. முதலில் கண்டது இது, காரணம் வெப்பம், அதை நீக்கியபின் கண்டது இது என்று மூன்றே வாக்கியங்களில் எழுதியிருந்தார். பார்வையாளர்களில் ஒருவர் வந்து, அப்படியானால் கண்டுபிடிப்பு எதுவும் இல்லையா என்று கேட்டார். இத்தனை ஈக்களைக் கொண்டு, இந்த அளவு வெளிச்சத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட விளைவு இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும், அதைவிடச் சிறிய விளைவு இருக்கிறதா என்று இந்தச் சோதனையால் சொல்ல இயலாது என்று மாணவி தடுமாற்றமின்றி விடை சொன்னார். தம் சோதனையால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்ற எல்லையை ஓர் இளநிலை மாணவி இவ்வளவு துல்லியமாக வரைந்து காட்டியதைக் கேட்டபோது, இத்தனை காலம் கற்பித்ததற்குப் பொருள் உண்டு என்று எனக்குத் தோன்றியது.

இதைப் பெரிதுபடுத்திச் சொல்வதாக எண்ண வேண்டாம். இந்தத் துறையின் வரலாற்றில் மாணவர்கள் செய்த பெரும் வேலைகளைப் பார்த்தால், அவற்றுக்கும் அடித்தளமாக இருந்தது இதே பண்புதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த யூஜீன் அசெரின்ஸ்கி, உறங்குபவரின் கண்ணசைவைப் பதிவு செய்ய ஒரு பழைய கருவியைப் பயன்படுத்தித் தம் 8 வயது மகனையே சோதனைக்கு உட்படுத்தினார். உறக்கத்தின் நடுவே கருவியின் எழுதுகோல்கள் விழித்திருப்பவருக்கு அசைவது போலத் துள்ளின. கருவிக் கோளாறாக இருக்குமோ என்று ஐயப்பட்டு, அந்த வாய்ப்பை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பிறகே, தம் வழிகாட்டியான நதானியேல் கிளைட்மனுடன் சேர்ந்து 1953-இல் அதை வெளியிட்டார். விரைவான கண்ணசைவு உறக்கம் என்று இன்று பாடநூல்களில் நாம் படிப்பது அதுதான். எங்கள் மாணவி கண்டது கோளாறு, அசெரின்ஸ்கி கண்டது உண்மை. ஆனால் இருவரும் கருவியிடம் கேட்ட கேள்வி ஒன்றே.

ரொனால்ட் கொனோப்காவின் கதையும் எனக்கு மிகவும் பிடித்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் சீமோர் பென்சரின் மாணவராக இருந்த அவர், கூட்டுப்புழு நிலையிலிருந்து பழ ஈக்கள் வெளிவரும் நேரத்தைப் பொறுமையாகக் கணக்கிட்டு, ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் நாளொழுங்கு பிறழ்ந்த மூன்று மரபு மாற்றங்களைக் கண்டார். ஒன்றின் நாள் 19 மணி நேரம், மற்றொன்றின் நாள் 28 மணி நேரம், மூன்றாவதற்கு ஒழுங்கே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவில் அமைந்தவை என்று 1971-இல் அவரும் பென்சரும் வெளியிட்டார்கள். அந்த மரபணு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொனோப்கா அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பரிசுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அறிவியலின் வரலாற்றை எழுதினால் யாரை விட்டுவிடுவோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

மூன்றாவதாகப் பால் லாங்கர்ஹான்ஸ். பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது, மனிதத் தோலைத் தங்கக் குளோரைடால் சாயமேற்றி, கிளைகள் கொண்ட சில உயிரணுக்களைக் கண்டு 1868-இல் விவரித்தார். அவை நரம்பணுக்கள் என்று அவர் கருதினார். அவை நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே தெளிவானது. ஆயினும் அவர் கண்டதைக் கண்டபடியே எழுதி, படமும் வரைந்து வைத்திருந்ததால், விளக்கம் மாறிய பின்னும் அந்த அணுக்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. முதலாண்டு மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்த்ததை வரையும் வகுப்பில் இதை நான் தவறாமல் சொல்வேன்: பாடநூலில் உள்ளதை வரையாதீர்கள், கண்ணில் படுவதை வரையுங்கள்.

ஆய்வகத்துக்கு வெளியே மாணவர்கள் செய்யும் பணிகளையும் சொல்ல வேண்டும். 1996 முதல் பல நாடுகளில் மார்ச் மாதத்தில் நடைபெறும் மூளை விழிப்புணர்வு வாரத்தை ஒட்டி எங்கள் மாணவர் சங்கத்தினர் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். அவர்கள் கொண்டுசெல்லும் சோதனைகளில் குழந்தைகளை அதிகம் கவர்வது கரப்பான்பூச்சிக் கால். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த இருவர் பள்ளிகளுக்கென்று எளிமையாக வடிவமைத்த ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டு இதைச் செய்யலாம். கரப்பானைப் பனிக்கட்டி நீரில் இட்டு அசைவு முற்றிலும் நின்ற பிறகு ஒரு காலை மட்டும் வெட்டி, அதில் இரண்டு குண்டூசிகளைச் செருகிப் பெட்டியோடு இணைத்தால், படபடவென்று ஓர் ஒலி கேட்கும். காலில் உள்ள முட்களைப் பல்குச்சியால் மெல்லத் தொட்டால் அந்த ஒலி உடனே அடர்கிறது. தொடுதலை நரம்பு எப்படிச் செய்தியாக அனுப்புகிறது என்பதைக் குழந்தைகள் தம் காதாலேயே கேட்டு அறிகிறார்கள்.

இந்த ஆண்டு ஒரு சிறுமி, அதற்கு வலிக்காதா என்று கேட்டாள். வலிக்காது என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. எங்கள் மாணவர் அப்படிச் செய்யவில்லை. பூச்சிகள் நம்மைப் போல வலியை உணர்கின்றனவா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி, அதனால்தான் முதலில் குளிரில் வைத்து மரத்துப்போகச் செய்கிறோம், இளம் பூச்சியாக இருந்தால் கால் திரும்ப வளரும், என்றாலும் தேவையின்றி இதைச் செய்யக்கூடாது என்று குனிந்து நின்று அவளுக்குப் புரியும்படி விளக்கினார். மனித மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் எண்ணை அவர்கள் பயன்படுத்துவதில்லை. 2009-இல் வெளியான கணக்கீட்டின்படி சுமார் 8,600 கோடி என்றே சொல்கிறார்கள். மூளையில் 10 சதவீதத்தை மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம் என்ற பொய்யையும் பள்ளி பள்ளியாகச் சென்று திருத்துகிறார்கள். அறிக்கையில் இவை அனைத்தும் சமூகப் பணி என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

கட்டுரை வாசிப்புக் கூட்டம், இளையோருக்குப் பாடம் சொல்லித்தருதல், 1990-களின் இறுதியில் தொடங்கிய பன்னாட்டு மூளை வினாடி வினாவுக்குப் பள்ளி மாணவர்களைத் தயார் செய்தல் ஆகியவையும் வழக்கம்போல் நடந்தன, நன்றாகவே நடந்தன.

என்னை உறுத்தும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊதியமின்றி ஆய்வகத்தில் மாலை நேரங்களைச் செலவிடக்கூடிய மாணவருக்கே போஸ்டர் வாய்ப்பும் கட்டுரையில் இடமும் கிடைக்கின்றன. படித்துக்கொண்டே வேலைக்குப் போகும் மாணவருக்கு அந்த மாலைகள் இல்லை. ஆகவே சாதனைப் பட்டியல் திறமையை மட்டும் அளப்பதில்லை, ஓய்வு நேரத்தையும் சேர்த்தே அளக்கிறது. ஆய்வைப் பாடவேளைக்குள் கொண்டுவந்து, விடை தெரியாத ஒரு கேள்வியை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆராய்வதே இதற்கு நான் காணும் வழி. பழ ஈ ஆய்வும் அப்படி ஒரு வகுப்பில் தொடங்கியதுதான். ஆய்வகத்தில் இடம் கேட்டு வரத் தயங்கியிருக்கக்கூடிய பலர் அந்த வகுப்பில் தங்கள் கூர்மையைக் காட்டினார்கள். இதற்கு நிதியும் ஆசிரியர் நேரமும் கூடுதலாக வேண்டும் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

படிப்பை முடித்தவர்களில் முனைவர் பட்டத்துக்குப் போகாதவர்களைப் பட்டியலின் கடைசியில் வைக்கும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்ற ஒரு மாணவி இப்போது ஒரு மருத்துவமனையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் தொழில்நுட்பராக இருக்கிறார். வலிப்பு நோயாளியின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, திரையில் ஓடும் கோடுகளில் எது மூளையின் அலை, எது கண்சிமிட்டல், எது தாடை இறுக்கத்தால் வந்த அசைவு என்று பிரித்தறிவது அவருடைய அன்றாட வேலை. பதிவு தெளிவாக இல்லையென்றால் மருத்துவர் அதிலிருந்து தவறான முடிவுக்கு வரக்கூடும். எங்கள் வகுப்பில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, கண்ணை மூடியவுடன் தலையின் பின்புறத்தில் எழும் ஆல்ஃபா அலை மனக்கணக்குப் போடும்போது எவ்வளவு குறைகிறது என்பது. இந்த ஆண்டு அறிக்கையில் அவர் பெயரையும் முதல் பக்கத்தில் சேர்த்து, அருகில் அந்தக் கேள்வியையும் இப்போது அவர் செய்யும் பணியையும் முழு வாக்கியங்களில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.